கீழே நிற்கும் எண்

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அம்மா ஊரில் இருக்கிறார், பிள்ளைகள் இருவரும் வெளியூரில். பெரியவன் மாதம் சராசரியாக 5,000 ரூபாய் அனுப்புகிறான், சின்னவன் 4,000. ஒரு கருமாதி வீட்டில் பேச்சு முற்றிவிட்டது. "உன்னைவிட 25 சதவீதம் கூட நான் குடுக்கிறேன்டா" என்றான் அண்ணன். "போண்ணா, 20 சதவீதம்தான் வித்தியாசம். எனக்குக் கணக்குத் தெரியாதா?" என்றான் தம்பி. இருவரும் செல்போனை எடுத்துத் தட்டிப் பார்த்துக் கூட்டத்துக்கே காட்டினார்கள். இரண்டு கணக்கும் சரியாகவே வந்தது. ஒருத்தன் பொய் சொல்லியிருந்தால் சண்டை சீக்கிரம் தீர்ந்திருக்கும்.

வித்தியாசம் 1,000 ரூபாய். அதில் யாருக்கும் தகராறு இல்லை. அண்ணன் அந்த ஆயிரத்தைத் தம்பியின் 4,000ஆல் வகுத்தான், 25 வந்தது. தம்பி அதே ஆயிரத்தை அண்ணனின் 5,000ஆல் வகுத்தான், 20 வந்தது. யாரை அடியில் வைக்கிறோமோ அவரைப் பொறுத்தே சதவீதம் மாறும். இரண்டு பேரில் எவரையும் அளவுகோலாக வைக்க விருப்பமில்லை என்றால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. இருவருடைய தொகைக்கும் நடு எடுத்து, அந்த 4,500ஆல் வகுத்தால் 22.2 சதவீதம். இந்த வழியில் யார் பெரியவர், யார் சின்னவர் என்ற பேச்சே எழாது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே விடைதான்.

எந்த இடத்தில் எதை எடுப்பது? ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால் பழசால் வகுக்க வேண்டும். ஒன்று ஊரறிந்த இயல்பு, ஒன்று இந்த வருஷத்து நிலவரம் என்றால் இயல்பால் வகுக்க வேண்டும். இரண்டும் சம அந்தஸ்தில் நின்றால், அதாவது இந்த ஊர், அந்த ஊர் என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாக இருந்தால், நடுவால் வகுக்கலாம். பள்ளிக்கூடத்துக் கணக்கு இவ்வளவுதான். மீதியெல்லாம் வகுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள். என் உத்தியோக வாழ்க்கை அந்தக் கேள்விகளைக் கேட்பதிலேயே போனது. புள்ளியியல் வேலை என்றால் ஊரில் பலருக்கும் என்ன வேலை என்று பிடிபடாது. "வயலை அளக்க வர்றவரு" என்பார்கள். அது ஓரளவு சரிதான்.

முதல் கேள்வி: இரண்டு சராசரியும் ஒரே அளவையில் இருக்கிறதா? விழுப்புரம் பக்கம் நிலத்தைக் காணிக் கணக்கில் பேசுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு காணி என்பது 100 குழி, அதாவது சுமார் 1.32 ஏக்கர். கூட்டேரிப்பட்டு டீக்கடையில் இரண்டு சம்பந்திகள் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டிருக்கிறேன். "எங்களுக்குக் காணிக்கு முப்பத்திரண்டு மூட்டை கண்டுச்சு" என்கிறார் ஒருவர். "எங்க பக்கம் சராசரி இருபத்தாறுதாங்க" என்று முகம் சுருங்குகிறார் மற்றவர். முப்பத்திரண்டுக்கும் இருபத்தாறுக்கும் 23 சதவீதம் வித்தியாசம், கேட்கவே பெரிதாக இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன இருபத்தாறு ஏக்கர் கணக்கு. முப்பத்திரண்டை 1.32ஆல் வகுத்து ஏக்கருக்குக் கொண்டுவந்தால் 24 மூட்டைக்குச் சற்று மேல். 23 சதவீதம் கூடுதல் என்று நெஞ்சு நிமிர்த்தியவர் உண்மையில் 7 சதவீதம் குறைவு. மூட்டை 75 கிலோவா 80 கிலோவா என்று இன்னும் கேட்கவே இல்லை!

மல்லாட்டையில் இது இன்னும் மோசம். வேர்க்கடலை என்று அச்சில் போடுவார்கள், எங்கள் பக்கம் அது மல்லாட்டைதான். பிடுங்கின அன்றைக்கு ஆய்ந்து எடை போட்ட பச்சைக் காய்க்கும், களத்தில் காயவைத்து, கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும் காய்க்கும் எடையில் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு ஊர் சராசரி பச்சைக் காயில், இன்னொரு ஊர் சராசரி காய்ந்த காயில் என்றால் அதன் மேல் எந்தச் சதவீதத்தைப் போட்டாலும் அது ஈரத்தின் சதவீதமே தவிர விளைச்சலின் சதவீதம் அல்ல.

மல்லாட்டை என்றதும் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. டி.எம்.வி. என்று தொடங்கும் ரகப் பெயர்களில் இருப்பது திண்டிவனம்தான். 1940இல் வந்த டி.எம்.வி. 2 குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கி எடுத்த ரகம். எத்தனையோ ரகங்கள் வந்து போன பிறகும் கர்நாடகத்தில் இன்றைக்கும் அதை விதைக்கிறார்கள். 1967இல் டி.எம்.வி. 7 வந்தது. ஒரு புது ரகத்தை வெளியிடும்போது "இன்ன ரகத்தைவிட இத்தனை சதவீதம் கூடுதல் மகசூல்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். இரண்டு சராசரிக்கு இடையிலான சதவீதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பல இடத்தில், பல பருவத்தில் இரண்டு ரகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் விதைத்து, ஒவ்வொன்றுக்கும் சராசரி எடுத்து, வித்தியாசத்தை ஒப்பீட்டு ரகத்தின் சராசரியால் வகுக்கிறார்கள். புது ரகத்தால் வகுப்பதில்லை. ஏற்கெனவே ஊரில் நிற்கிறதுதான் அளவுகோல்.

இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நான் சதவீதத்தைப் பார்க்க மாட்டேன், ஒப்பீட்டு ரகம் எது என்றுதான் முதலில் பார்ப்பேன். நோஞ்சான் ரகத்தைப் பக்கத்தில் விதைத்தால் எந்த ரகமும் 30 சதவீதம் கூடுதல் காட்டும். நல்ல ரகத்தோடு போட்டி போட்டு 8 சதவீதம் கூடுதல் வந்தால் அது பெரிய சங்கதி. ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறவர்களும் பிள்ளைகளின் மார்க்கைப் பேசுகிறவர்களும் செய்வது இதே வேலைதான். தன் பிள்ளையை உயர்த்த வேண்டுமென்றால் படிக்காத பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்துவார்கள். திட்ட வேண்டுமென்றால் மாவட்டத்தில் முதலாவதாக வந்த பெண்ணை நிறுத்துவார்கள். பிள்ளையின் சராசரி மாறுவதே இல்லை.

இரண்டாவது கேள்வி: அந்தச் சராசரி எப்படி வந்தது? வயலில் நடப்பதைச் சொல்கிறேன். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். ஊரில் எந்தப் புல எண் என்பதைக் குலுக்கல் எண்தான் தீர்மானிக்கும், நாம் அல்ல. வயலுக்குப் போய்த் தென்மேற்கு மூலையில் நிற்க வேண்டும். அங்கிருந்து நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி என்று மறுபடியும் குலுக்கல் எண் சொல்லும். போய் நின்ற இடத்தில் முளைக்குச்சி அடித்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்ட வேண்டும். நாலு பக்கம் சரியாக இருந்தால் போதாது, மூலைக்கு மூலை நாடா பிடித்தால் 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் வர வேண்டும். இல்லாவிட்டால் சதுரம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். 25 சதுர மீட்டரில் கிடைத்த கிலோவை 400ஆல் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு.

அந்த 400ஐ மறந்துவிடக் கூடாது. தராசில் கால் கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 100 கிலோ பிசகும். கயிற்றின் ஓரத்தில் நிற்கும் குத்து உள்ளேயா வெளியேயா என்பதில் இளகிய மனசு காட்டினால் விளைச்சல் கூடிவிடும். சதுரம் சின்னதாக ஆக ஆக ஓரத்தின் பங்கு பெரிதாகும் என்பதால் இந்தக் கோளாறும் பெரிதாகும். 1940களில் பி.வி.சுகாத்மேயும் பி.சி.மஹலானோபிஸும் இதைப் பற்றித்தான் முட்டிக்கொண்டார்கள். மஹலானோபிஸ் வங்காளத்தில் சின்னச் சின்ன வெட்டுகளாக நிறைய எடுக்கலாம் என்றார். சின்ன வெட்டு விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்றார் சுகாத்மே. இரண்டு பெரிய அறிவாளிகள் வரப்போரத்துக் குத்துக்காக வாதாடியதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். எங்கள் வேலை கௌரவமான வேலை என்று தோன்றும்.

அந்தக் காலத்தில் நாங்கள் போனால் "சார், அந்தக் கிணத்தோரம் நல்லா விளைஞ்சிருக்கு, அங்க போடுங்க" என்பார்கள். நல்ல விளைச்சல் காட்டுவது ஊருக்குப் பெருமை. பயிர்க் காப்பீடு வந்த பிறகு பேச்சு மாறிவிட்டது. "சார், அந்த மேட்டுப் பக்கம் பூராப் பதரு, அங்க போடுங்க." நான் இருவரையும் கோபித்துக்கொண்டதில்லை. குலுக்கல் எண் எந்த இடத்தைக் காட்டுகிறதோ அங்கேதான் முளை அடிக்க முடியும் என்று சொல்லி, கையில் இருக்கும் தாளைக் காட்டுவேன்.

ஒரு ஊருக்கு இப்படி நாலு இடத்தில் எடுத்தால், அந்த நாலின் சராசரிதான் ஊரின் சராசரி. ஒரு ஊரில் 8, 12, 13, 7 கிலோ. சராசரி 10. பக்கத்து ஊரில் 10, 10, 11, 11. சராசரி பத்தரை. 5 சதவீதம் கூடுதல் என்று எழுதலாம், கணக்கில் தப்பில்லை. ஆனால் முதல் ஊரில் குலுக்கல் இன்னொரு வயலைக் காட்டியிருந்தால் அந்த 5 சதவீதம் தலைகீழாகப் போயிருக்கலாம். உள்ளே 7க்கும் 13க்கும் இடையில் ஆடிக்கொண்டிருக்கும் ஊரை, வெளியே 5 சதவீத வித்தியாசத்தை வைத்து எடைபோடுவது நியாயமில்லை.

இனிச் சதவீதம் பணமாக மாறும் இடத்துக்கு வருவோம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்தது. மகசூல் குறைந்தால் இழப்பீடு. எவ்வளவு குறைந்தது என்பதை இரண்டு சராசரியை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒன்று இந்தப் பருவத்தில் அந்த ஊரின் சராசரி. மற்றொன்று உத்தரவாத மகசூல். கடந்த ஏழு வருஷத்தில் நன்றாக விளைந்த ஐந்து வருஷத்தை எடுத்துச் சராசரி போட்டு, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை உத்தரவாதம் என்று வைக்கிறார்கள். இந்தப் பருவத்துச் சராசரி அதற்குக் கீழே எவ்வளவு போனதோ அதை உத்தரவாத மகசூலால் வகுத்து, காப்பீட்டுத் தொகையோடு பெருக்க வேண்டும்.

விக்கிரவாண்டிப் பக்கத்து மருமகன் ஒருவர் தாளும் பேனாவுமாக வந்தார். பெயர் வேண்டாம். எண்களையும் கணக்குச் சுலபமாக வரும்படி முழு எண்ணாக்கித் தருகிறேன். ஏழு வருஷத்துச் சராசரி ஹெக்டேருக்கு 3000, 2800, 3200, 1500, 3100, 2900, 2000 கிலோ. இந்த வருஷம் 1800.

"மாமா, நல்ல வருஷம் அஞ்சுக்கும் சராசரி 3000. இப்ப 1800. பாதிக்குக் கொஞ்சம் கம்மியாப் போச்சு, 40 சதவீதம். ஏக்கருக்கு 36,000 காப்பீடுன்னா 14,400 வரணுமில்ல? 9,000தான் வந்திருக்கு. ஏமாத்திட்டாங்களா?"

"3000ஐ அடியில வெச்சீங்க. திட்டம் எதை அடியில வெச்சிருக்குன்னு பாத்தீங்களா?"

உத்தரவாதம் 80 சதவீதம். ஆகவே 2400. அதிலிருந்து 1800 போனால் குறைவு 600. 600ஐ 2400ஆல் வகுத்தால் 25 சதவீதம். 36,000இல் கால் பங்கு 9,000. பணம் சரியாகத்தான் வந்திருக்கிறது. அவர் கழித்த இடமும் வேறு, வகுத்த எண்ணும் வேறு.

மருமகன் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப 2400 விளைஞ்சிருந்தா? எங்களுக்கு நூத்துக்கு இருபது போயிருக்கும். அதுக்கு?"

"ஒண்ணும் வராது."

"அந்த இருபது யார் கணக்குல மாமா?"

"உங்க கணக்குல."

இதை அவர் பணம் கட்டும்போதே கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வி யாருக்கும் பணம் வந்த பிறகுதான் தோன்றும். ஆனால் இன்னொன்றைச் சொன்னேன். இந்த மகசூல் கணக்கில் அவருடைய வயல் என்று ஒன்று கிடையாது. நெல்லுக்கு வருவாய் கிராமம்தான் அலகு. அவர் வயல் முழுசும் மூழ்கி, ஊரின் மேட்டு நிலமெல்லாம் தப்பியிருந்தால் ஊர்ச் சராசரி தப்பிவிடும், அவர் மூழ்கியது தாளில் தெரியாது.

மூழ்குவது என்றதும் 2024 நவம்பர் 30 எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பெஞ்சல் புயல் கரை கடந்த இரவு. 24 மணி நேரத்தில் மயிலத்தில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை. விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு வருஷத்து மழை ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதில் பாதி ஒரே நாளில் கொட்டியது. வருஷக் கணக்கை எழுதும்போது இந்த மழை சராசரிக்குள் போய்க் கரைந்துவிடும். "இயல்பைவிட இத்தனை சதவீதம் கூடுதல்" என்று ஒரு வரி வரும். ஏரிக்கரை உடைந்த ஊர்க்காரனுக்கு அந்த வரியில் என்ன இருக்கிறது? வானிலைத் துறையின் வழக்கத்தில், இயல்பிலிருந்து மேலும் கீழும் 19 சதவீதம் வரை இயல்புதான். 20 முதல் 59 வரை கூடினால் அதிகம், 60க்கு மேல் மிக அதிகம். குறைவுக்கும் இதே ஏணி. அடியில் நிற்பது எப்போதும் இயல்பு, அதாவது பல வருஷத்துச் சராசரி. இப்போது அவர்கள் எடுத்துக்கொள்வது 1971 முதல் 2020 வரையிலான ஐம்பது வருஷம்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. அடியில் நிற்கும் எண் ரொம்பச் சின்னதாக இருந்தால் சதவீதம் கூத்தாடும். தை, மாசியில் ஓர் ஊரில் 2 சென்டிமீட்டர்தான் இயல்பு என்று வையுங்கள். 6 பெய்தால் 200 சதவீதம் கூடுதல் என்று செய்தி வரும். ஐப்பசியில் அந்த 6 சென்டிமீட்டர் ஒரு மாலை மழை.

சராசரிகளுக்குச் சராசரி எடுப்பதும் அடிக்கடி நடக்கிற கோளாறு. ஒரு பால் சங்கத்தில் பத்துப் பேர், ஆளுக்குச் சராசரி 8 லிட்டர். இன்னொன்றில் தொண்ணூறு பேர், ஆளுக்கு 4. எட்டையும் நாலையும் கூட்டிப் பாதியாக்கி, ஆளுக்கு 6 லிட்டர் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மொத்தப் பால் 440 லிட்டர், மொத்த ஆட்கள் நூறு. ஆளுக்கு 4.4தான். போன வருஷம் ஒருவர் 6 என்று எழுதிவிட்டு, இந்த வருஷம் இன்னொருவர் ஒழுங்காக 4.4 என்று எழுதினால், பால் 27 சதவீதம் சரிந்துவிட்டது என்று கூட்டம் போடுவார்கள். மாடுகள் பாட்டுக்கு அதே பாலைத்தான் கறந்துகொண்டிருக்கும்.

கடைசியாக எழுத்தறிவு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம், விழுப்புரம் மாவட்டம் 71.88. "விழுப்புரம் 8 சதவீதம் பின்தங்கியது" என்று மேடையில் பேசுவார்கள். 80.09இலிருந்து 71.88ஐக் கழித்தால் வருவது 8.21 சதவீதப் புள்ளி, சதவீதம் இல்லை. மாநிலத்தை அடியில் வைத்து வகுத்தால் 10.25 சதவீதம் குறைவு. விழுப்புரத்தை அடியில் வைத்தால் மாநிலம் 11.4 சதவீதம் கூடுதல். மூன்று எண்ணும் உண்மை, மூன்றுக்கும் தனித்தனிப் பெயர். ஏற்கெனவே சதவீதமாக இருக்கும் இரண்டு எண்களை ஒப்பிடும்போது நான் புள்ளியில் சொல்வதையே விரும்புவேன். கேட்கிறவருக்குக் குழப்பம் குறைவு. 2001இல் இந்த இடைவெளி 9.65 புள்ளி, மாநிலம் 73.45, விழுப்புரம் 63.80. பத்து வருஷத்தில் ஒன்றரைப் புள்ளி நெருங்கி வந்திருக்கிறோம்.

அடுத்த கணக்கெடுப்பு 2027இல். அது வந்ததும் விழுப்புரத்தின் புது எண்ணை 71.88க்குப் பக்கத்தில் வைத்து எத்தனை சதவீதம் உயர்ந்தது என்று தட்டிப் பார்க்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். 71.88 என்பது கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த பழைய மாவட்டத்தின் சராசரி. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் போய்விட்டது. கல்வராயன் மலை ஊர்களும் அதோடு போயின. எழுத்தறிவு குறைவான ஊர்கள் சில எல்லை தாண்டிப் போனாலே, ஒரு குழந்தை கூடப் புதிதாக எழுதப் படிக்கக் கற்காமல் நம் சராசரி ஏறிவிடும். சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் 2011ஐ ஊர்வாரியாகப் பிரிக்க வேண்டும். திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி, வானூர் என்று இன்றைய மாவட்டத்துக்குள் இருக்கும் ஊர்களில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆட்களைக் கூட்ட வேண்டும், ஊர்களின் சதவீதத்தைக் கூட்டக் கூடாது. அப்படி வருகிற எண்தான் 2027க்கு அடியில் நிற்கத் தகுந்தது. ஊர்வாரியான 2011 கணக்கு அச்சில் இருக்கிறது, கூட்டிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.